3060-ஆ, 4060-ஆ? கடலூர்க் கேள்வியும் சிதம்பரம் கேள்வியும்

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு ஏற்றபடி சுருக்கித் திருத்தப்பட்டது.)

இந்த வாரம் வந்த வாய்ஸ் மெசேஜ்ல இரண்டை மட்டும் எடுத்துக்கிட்டேன். இரண்டும் ஒரே மாவட்டம், ஒரே கேள்வி. ஆனா பதில் வேற வேற.

முதல் ஆள் கடலூர் மஞ்சக்குப்பத்துத் தம்பி. 10-வது தலைமுறை ஐ5 பிராசசர், 1080பி மானிட்டர், 600 விஏ யூபிஎஸ் வெச்சிருக்கார். வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு. கேம் ஆடணும், அவ்வளவுதான். அடுத்தது, சிதம்பரத்துல கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படிக்கிற தங்கச்சி. மருத்துவப் படங்களை வெச்சு ஒரு ப்ராஜெக்ட். வீட்டு லேப்டாப்ல மாடலை ட்ரெய்ன் பண்ண ஆரம்பிச்சாலே மெமரி போதலைன்னு நின்னுடுது. கார்டு போட்டு ஒரு பிசி வாங்க, அம்மா நகையை அடகு வைக்கலாம்னு பேச்சு. "புதுசுதானே அண்ணா நல்லது?" என்பதுதான் இரண்டு பேருடைய கேள்வியும்.

ஆர்டிஎக்ஸ் 3060 வந்தது 2021 பிப்ரவரி. 4060 வந்தது 2023 ஜூன். அறிமுக விலை 329 டாலர், 299 டாலர். புதுசு விலையும் கம்மி. அப்போ யோசிக்க என்ன இருக்கு? இருக்கு, சொல்றேன்.

ஒரு மளிகைக் கடை, பின்னால் ஒரு குடோன்

கிராபிக்ஸ் கார்டை ஒரு மொத்த வியாபார மளிகைக் கடைன்னு வெச்சுக்கோங்க. கோர் என்பது வேலை செய்யும் ஆள். க்ளாக் ஸ்பீடு என்பது அந்த ஆளின் சுறுசுறுப்பு. விரேம் என்பது குடோன். குடோனுக்கும் கடைக்கும் நடுவில் உள்ள பாதையின் அகலம்தான் மெமரி பஸ். கைக்கு எட்டும் அலமாரிதான் கேஷ்.

3060-ல் ஆட்கள் 3584, பூஸ்ட் க்ளாக் 1.78 கிகாஹெர்ட்ஸ். 4060-ல் ஆட்கள் 3072தான், ஆனா 2.46 கிகாஹெர்ட்ஸ். பெருக்கிப் பாருங்க, புதுசு கிட்டத்தட்ட 18 சதவீதம் முன்னால நிக்கும். 1080பி கேம்களிலும் ஏறக்குறைய அதே வித்தியாசம்தான் தெரியும்.

இப்போ பாதை. 3060-க்கு 192 பிட், விநாடிக்கு 360 ஜிபி. 4060-க்கு 128 பிட், 272 ஜிபி. பழசுதான் அகலம். இதை ஈடுகட்டத்தான் 4060-ல் அலமாரியைப் பெருசாக்கினாங்க. எல்2 கேஷ் 3 எம்பி-யிலிருந்து 24 எம்பி ஆச்சு. அடிக்கடி கேட்கும் சாமான் அலமாரியிலேயே இருந்தா, குடோனுக்கு நடக்க வேண்டியதில்லை.

ஆனா குடோனே சின்னதா இருந்தா அலமாரி உதவாது. 3060-ல் 12 ஜிபி, 4060-ல் 8 ஜிபி. 9 ஜிபி வேலை வந்தா, மிச்சத்தைக் கம்ப்யூட்டரின் ரேமில் வெச்சு இழுத்துட்டு வரணும். இல்லைன்னா வேலை அப்படியே நின்னுடும். கேம் திக்கித் திக்கி ஓடும். ட்ரெய்னிங்னா பெரும்பாலும் எரர் அடிச்சு நிக்கும்.

2025-ல் 5060 வந்துடுச்சே என்பீங்க. அதிலும் 8 ஜிபிதான். அதனால இந்தக் கேள்வி அதுக்கும் பொருந்தும்.

கடலூர்த் தம்பிக்கு

தம்பி, உங்களுக்கு 4060. முதல் காரணம் வேகம் இல்லை, கரண்ட். 3060 முழு லோடில் 170 வாட், 4060 115 வாட். மற்ற பாகங்களும் மானிட்டரும் சேர்ந்து 150 வாட்னு வெச்சா, ஒன்று 320, இன்னொன்று 265. பெரும்பாலான 600 விஏ யூபிஎஸ் தாங்குறது 360 வாட் வரைதான். பேட்டரி கொஞ்சம் பழசானா, 320-ல் கரண்ட் போற நொடியிலேயே பிசியும் போயிடும். 265-ல் சேவ் பண்ணி ஷட்டவுன் பண்ண நேரம் கிடைக்கும். புயல் சீசன்ல கடலூர்க்காரங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தினமும் நாலு மணி நேரம் ஆடினா, இரண்டு மாச பில்லில் 13 யூனிட் மிச்சம். பெரிய தொகை இல்லை, ஆனா உங்க வீடு அடுத்த ஸ்லாபின் விளிம்பில் இருந்தா தெரியும்.

ஒரு எச்சரிக்கை. உங்க 10-வது தலைமுறை போர்டு பிசிஐஇ 3.0. 4060 எட்டு லேன் மட்டுமே பயன்படுத்தும், 3060 பதினாறு. அதனால 8 ஜிபி நிரம்பினா, வெளியிலிருந்து சாமான் வரும் ரோடும் உங்களுக்குப் பாதி அகலம்தான். டெக்ஸ்ச்சரை அல்ட்ராவில் வைக்காம ஹையில் வைங்க, பிரச்சினை வராது. ஃப்ரேம் ஜெனரேஷன் 4060-ல் உண்டு, 3060-க்கு என்விடியா தரலை. ஆனா அதுவும் கொஞ்சம் விரேம் சாப்பிடும்.

சிதம்பரம் தங்கச்சிக்கு

உங்களுக்குப் புதுசு நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன்மா. 18 சதவீதம் வேகம் குறைஞ்சா, ஒரு மணி நேர ட்ரெய்னிங் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் கூட ஆகும். மெமரி போதலைன்னா ட்ரெய்னிங்கே நடக்காது. அதனால இந்த இரண்டில் உங்களுக்கு 12 ஜிபி 3060.

ஆனா நகை விஷயம் இருக்கே, அதனால முதல்ல அளந்து பாருங்க. கூகுள் கோலாபில் இலவசமாவே பல நேரம் 16 ஜிபி உள்ள டி4 கார்டு கிடைக்கும். உங்க மாடலை அங்கே ஓட்டி, என்விடியா-எஸ்எம்ஐ கமாண்டில் உச்சபட்ச மெமரி எவ்வளவுன்னு குறிச்சுக்கோங்க. பேட்ச் சைஸைப் பாதியாக்குங்க, மிக்ஸ்டு பிரிசிஷனை ஆன் பண்ணுங்க, மறுபடி குறிங்க.

6 ஜிபிக்குள் வந்தா, இரண்டு கார்டும் போதும். 9, 10 வந்தா 3060 மட்டும்தான். 12-ஐத் தாண்டினா இரண்டுமே உதவாது, நகையைத் தொடாதீங்க. கோலாபிலேயே முடியுதுன்னா இன்னும் நல்லது. ப்ராஜெக்ட் ரிவ்யூவில் யாரும் உங்க கார்டைப் பார்த்து மார்க் போடப் போறதில்லை.

செகண்ட்ஹேண்ட் வாங்கினால்

3060-ல் 8 ஜிபி மாடலும் ஒன்று உண்டு. அதன் பஸ் 128 பிட், 240 ஜிபிதான். பெயர் ஒண்ணு, சரக்கு வேற. ஜிபியூ-இசட் மென்பொருளில் 12 ஜிபி, 192 பிட் இரண்டையும் பார்த்த பிறகு காசு கொடுங்க. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்ன பிறகு, இரவு பகலா ஓடிய கார்டுகள் நிறைய சந்தைக்கு வந்தன. ஃபேன் சத்தம் கேளுங்க, அரை மணி நேரம் லோடு கொடுத்துப் பாருங்க. கடலோர வீட்டில் இருந்த கார்டுன்னா, பிராக்கெட்டிலும் ஸ்க்ரூவிலும் துரு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. உப்புக் காத்து முதல்ல அங்கேதான் தெரியும்.

தங்கச்சி, அளந்ததும் அந்த நம்பரை எனக்கு வாய்ஸ் மெசேஜ்ல அனுப்புங்க. அடுத்த எபிசோடில், ஒரு பவர் சப்ளையின் லேபிளை எப்படிப் படிப்பதுன்னு பார்க்கலாம்.