களையும் பயிரும்

களை பறிக்கப் புகுந்தவன் பயிரையும் பறித்துவிட்டால் உழவினால் பயன் யாது? கிருமியைக் கொல்லும் பொருள் நம் உயிரணுக்களையும் கொல்லுமாயின் அதனை மருந்தெனக் கொள்ளலாகாது. இவ்விடரை அறிவியலார் எங்ஙனம் கடக்க முயல்கின்றனர் என்பதைச் சிறிது காண்போம்.

அறுவை செய்யப்பெற்ற ஆப்பிரிக்கத் தவளைகள் தூய்மையற்ற நீரில் வாழ்ந்தும் அவற்றின் புண்கள் சீழ் பிடியாமல் ஆறுவதை அமெரிக்க அறிஞர் மைக்கேல் ஸாஸ்லாஃப் கண்டார். அவற்றின் தோலிலிருந்து 23 அமினோ அமிலங்கள் கோத்த 'மகைனின்' என்னும் பெப்டைடுகளைப் பிரித்தெடுத்து, 1987-இல் உலகிற்கு அறிவித்தார்.

கிருமியின் சவ்வில் எதிர்மின்னேற்றம் மிகுதி. நம் உயிரணுச் சவ்வின் வெளிப்புறமோ பெரிதும் மின் நடுநிலை உடையது. கொலஸ்டிராலால் உறுதியும் பெற்றது. ஆதலின் நேர்மின்னேற்றமுள்ள மகைனின் கிருமியையே நாடிச் சென்று அதன் சவ்வைக் குலைக்கிறது.

தேனீ நஞ்சிலுள்ள 'மெலிட்டி'னும் 26 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடே. ஆயினும் அது கிருமியோடு நம் இரத்தச் சிவப்பணுக்களையும் உடைத்துவிடும். கொழுப்பை நாடும் இயல்பு அளவு மீறினால் இக்கேடு விளையும். அளவிற் குறைந்தாலோ கிருமி சாகாது. எனவே அறிஞர் ஓரிரு அமிலங்களை மாற்றி மாற்றிக் கோத்து, ஒவ்வொரு முறையும் சிவப்பணுக்களோடு கலந்து சோதிக்கின்றனர்.

மகைனினைத் திருத்திச் சமைத்த 'பெக்ஸிகனான்' நீரிழிவுக் கால்புண்ணுக்குரிய களிம்பாகச் சோதிக்கப்பெற்றது; எனினும் 1999-இல் அமெரிக்க அரசு அதற்கு இசைவளிக்கவில்லை. பழைய மருந்துகளுக்குக் கிருமிகள் அடங்க மறுக்கும் இந்நாளில், அத்தோல்வியோடு முயற்சி நின்றுவிடவில்லை என்பதே நமக்கு ஆறுதல்.