பழைய கம்பைனுக்குப் பசி எடுக்கவில்லையா?

நமக்குச் சித்திரைப் பிறப்பு வரும்போதே பஞ்சாபில் பைசாகித் திருநாளும் வருகிறது. அங்கே அது கோதுமை அறுவடைக் காலம். அந்தப் பக்கம் வாழும் நம் குடும்பங்கள் சாலையோர வயல்களில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு செல்லும் கம்பைன்களைப் பார்த்திருப்பார்கள். மொகாலியிலிருந்த பஞ்சாப் டிராக்டர்ஸ் நிறுவனம் 1980-ல் ஸ்வராஜ் 8100 கம்பைனை வெளியிட்டது. பாட்டியாலாவை அடுத்த நாபா நகரம் இத்தொழிலுக்கே பெயர் பெற்றது. இப்படிப்பட்ட இயந்திரங்கள் கை மாறிக் கை மாறிப் பல ஆண்டுகள் உழைக்கின்றன.

ஊரிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ, “அங்கே பழைய வண்டி ஒன்று விலைக்கு வருகிறதாம், பார்த்துச் சொல்லேன்” என்று கேட்டால் எதைப் பார்ப்பது? எல்லோரும் முதலில் பார்ப்பது எஞ்சினை. ஆனால் பழைய கம்பைனின் குறை பெரும்பாலும் அதன் வாயில்தான் இருக்கும்.

கம்பைன் பயிரை உட்கொள்ளும் விதம் எளிது. முன்னால் சுழலும் ரீல் பயிரைச் சாய்த்துக் கொடுக்கிறது, கத்தி அறுக்கிறது. ஆகர் என்னும் திருகு உருளை இரு பக்கத்துப் பயிரையும் நடுவே சேர்க்கிறது. ஃபீடர் சங்கிலி அதை மேலே இழுத்துப் போரடிக்கும் டிரம்முக்குத் தருகிறது. பயிர் பாய் விரித்தாற்போல் ஒரே கனத்தில் சென்றால் நன்று. கட்டி கட்டியாகச் சென்றால் ‘தொம், தொம்’ என்று சத்தம் கேட்கும். கட்டி நுழையும்போது டிரம் திணறிக் கதிரைச் சரியாக அடிக்காமல் விடும். அடுத்த நொடி வெறுமையாய்ச் சுழன்று மணியை உடைக்கும்.

எனவே, சரிபார்க்கும் வரிசை இதுதான்.

எஞ்சின் வேகம்: வேலை செய்யும்போது எஞ்சின் அதற்குரிய முழு வேகத்தில் ஓட வேண்டும். பயிர் அடர்த்தியாக இருந்தால் வண்டியின் வேகத்தைத்தான் குறைக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரைக் குறைத்தால் டிரம், கத்தி, ஆகர் எல்லாமே தளர்ந்துவிடும். எண்ணெய் பட்ட பெல்ட்டும், தொய்ந்த பெல்ட்டும் வழுக்கி இதே தொல்லையைத் தரும்.

ரீல்: இதன் விளிம்பு வண்டியைவிடக் கால் பங்கு வேகமாகச் செல்லலாம். வண்டி மணிக்கு 3 கிலோமீட்டர் போகிறது என்றால் நிமிடத்துக்கு 50 மீட்டர். ரீலின் குறுக்களவு 1 மீட்டரானால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 சுற்று போதும். அதற்கு மேல் வேகமாகச் சுற்றினால் மணி உதிரும். குறைந்தால் அறுத்த பயிர் முன்னால் விழும். ரீல் சட்டம் கதிருக்குச் சற்றுக் கீழே தொட வேண்டும். சாய்ந்த பயிருக்கு ரீலைத் தாழ்த்தி முன்னே தள்ள வேண்டும்.

கத்தி: மழுங்கிய கத்தி தாளை அறுக்காமல் பிய்க்கும், வேரோடு வரும் பயிர் வழியை அடைக்கும். கத்தி ஓட்டத்தின் இரு கோடியிலும் ஒவ்வொரு முக்கோணத் தகட்டின் நடுவும் காப்புப் பல்லின் நடுவோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆகர்: திருகின் விளிம்புக்கும் அடித்தகட்டுக்கும் இடைவெளி, நெல்லுக்கும் கோதுமைக்கும் பொதுவாக 10 முதல் 15 மில்லிமீட்டர். கம்பெனியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. பழைய வண்டியில் திருகு தேய்ந்து, தகடு நெளிந்து, இந்த இடைவெளி பெருகியிருக்கும். நடுவிலுள்ள விரல்கள் முன்புறம் நன்றாக நீண்டு பயிரைப் பற்ற வேண்டும். பின்புறம் உள்ளே ஒடுங்கி அதை விட்டுவிட வேண்டும். விரல் ஒடிந்திருந்தாலும், நீளும் இடம் மாறியிருந்தாலும் வைக்கோல் ஆகரோடு சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஃபீடர் சங்கிலி: இதன் முன் உருளை, வரும் பயிரின் கனத்துக்கேற்ப மேலும் கீழும் மிதக்க வேண்டும். துருவும் சேறும் அதை இறுக்கிவிடுவது பழைய வண்டிகளில் வழக்கமான குறை. சங்கிலி தொய்ந்தால் குறுக்குச் சட்டங்கள் பயிரைப் பற்றாமல் வழுக்கும். மிக இறுகினால் உருளை மிதக்காது, பற்சக்கரமும் தேயும். இரு பக்கச் சங்கிலியும் ஒரே நீளத்தில் இருக்கின்றனவா, சட்டங்கள் நேராக உள்ளனவா என்று அளந்து பார்ப்பது நல்லது.

வண்டியை விலை பேசுமுன் வயலில் ஒரு சோதனை செய்யலாம். நடு வயலில் நிறுத்தி, வண்டியின் நீளத்துக்குப் பின்னே எடுத்து, அறுத்த இடத்துக்கும் நிற்கும் பயிருக்கும் இடையே, பின்பக்க வைக்கோல் விழாத தரையில், ஒரு சதுர மீட்டரில் கிடக்கும் மணிகளை எண்ணுங்கள். நிற்கும் பயிருக்குள் முன்பே உதிர்ந்துள்ளதைக் கழித்துவிடுங்கள். மிச்சம் முன்வாயால் வந்த நட்டம். 1000 கோதுமை மணி ஏறக்குறைய 40 கிராம். சதுர மீட்டருக்கு 100 மணி என்றால் ஏக்கருக்கு 16 கிலோ. வாடகைக்கு ஓடும் வண்டி ஒரு பருவத்தில் எத்தனை ஏக்கர் அறுக்கும் என்று பெருக்கிப் பார்த்தால் நட்டத்தின் அளவு புரியும்.

பனி காயாத காலையில் எந்த வண்டியும் அடைக்கும். அதை வைத்து வண்டியைப் பழிக்க வேண்டாம். கால் புதையும் டெல்டா வயலுக்கு டயர் வண்டி ஒத்துவராது, பெல்ட் வகைதான் வேண்டும் என்பதையும் மாமாவுக்கு நினைவூட்டுங்கள்.

கடைசியாகச் சொன்னாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அடைப்பை எடுக்கும் முன் எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, எல்லாம் சுழன்று நின்றபின்தான் கிட்டே போக வேண்டும். தூக்கி நிறுத்திய முன்பகுதிக்கு அடியில் குனிவதானால் அதற்குரிய முட்டைக் கொடுத்த பிறகே குனிய வேண்டும். ஓடும் ஆகரில் சிக்கிய வைக்கோலைக் கையால் இழுப்பவர், வைக்கோலை விடுவதற்குள் ஆகர் அவர் கையைப் பிடித்துவிடும். எத்தனை ஏக்கர் கூலியும் அதற்கு ஈடாகாது.