நடுநிலைப் பள்ளி ஆசிரியராவதற்கு உரிய கல்வி

ஓர் ஊரில் பள்ளிக்கூடம் அமைந்திருப்பது மட்டும் போதாது. ஒவ்வொரு பாடத்தையும் முறையாகப் பயின்று தேர்ந்த ஆசிரியர் அப்பள்ளியில் இருத்தல் வேண்டும். கட்டிடமும் சுற்றுச்சுவரும் குடிநீர்க் குழாயும் ஊராட்சியின் முயற்சியால் ஓராண்டில் அமைந்துவிடக்கூடும். ஆனால் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் உருவாவதற்கு, பள்ளிப் படிப்பு முடிந்த பின்னர் நான்கு அல்லது ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அவ்வாண்டுகளில் பயில வேண்டியவை எவை என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம். அதனை இங்கு விளக்க முற்படுகிறோம்.

"முதலில் ஏதேனும் ஒரு பட்டம் பெறட்டும், பிறகு பி.எட். படித்து ஆசிரியராகட்டும்" என்று எண்ணும் பெற்றோர் நம் கிராமங்களில் பலர் உளர். இவ்வெண்ணம் முற்றிலும் சரியன்று. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து கல்லூரியில் சேரும்பொழுது எடுக்கும் முதன்மைப் பாடமே பின்னர் ஆசிரியப் பணிக்கு வாயிலாக அமைகிறது. விதை நெல்லைத் தேர்ந்தெடுப்பதில் நேர்ந்த பிழை கதிர் வரும் காலத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். அதுபோலப் பாடத் தேர்வில் நேரும் பிழையும் ஐந்து ஆண்டுகள் கழித்து, பணிக்கு விண்ணப்பிக்கும் வேளையில்தான் வெளிப்படுகிறது.

சட்டம் விதிக்கும் தகுதி

குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின்கீழ், ஆசிரியர்களுக்குரிய குறைந்தபட்சத் தகுதிகளைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 23-8-2010 அன்று அறிவித்தது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அது வகுத்த வழிகளுள் முக்கியமானவை மூன்று.

முதலாவது, மூன்றாண்டுப் பட்டமும் அதன்பின் பி.எட். பட்டமும் பெறுதல். நம் மாநிலத்தில் மிகப் பலர் செல்லும் வழி இதுவே. இரண்டாவது, பட்டத்துடன் இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியும் பெறுதல். பட்டம் இல்லாமல் பட்டயம் மட்டும் பெற்றவர் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்கவே தகுதி பெறுவார் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். மூன்றாவது, பாடக் கல்வியையும் ஆசிரியர் பயிற்சியையும் ஒன்றாக இணைத்த நான்காண்டுப் படிப்பு. தென்மாநில மாணவர்களுக்காக மைசூரில் இயங்கும் மண்டலக் கல்வி நிறுவனம் இத்தகைய படிப்பை நெடுங்காலமாக நடத்தி வருகிறது.

எவ்வழியே சென்றாலும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறுதல் இன்றியமையாதது.

பட்டப் படிப்பில் எடுக்க வேண்டிய பாடம்

அரசுப் பள்ளிகளில் பட்டதாரி ஆசிரியர் பணியிடங்கள் பாடவாரியாகவே நிரப்பப்பெறுகின்றன. ஆசிரியர் தேர்வு வாரியம் 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிவிக்கையில் தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் ஆகிய ஒன்பது பாடங்கள் இடம்பெற்றன. எனவே நடுநிலை வகுப்புகளில் ஆசிரியராக விரும்பும் மாணவர் இவற்றுள் ஒன்றை முதன்மைப் பாடமாகக் கொள்வது பாதுகாப்பான வழியாகும்.

வணிகவியல், பொருளியல் போன்றவை சிறந்த பாடங்களே. ஆயினும் அவற்றைப் பயின்றோர் முதுகலைப் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்று, மேல்நிலை வகுப்புகளில் கற்பிப்பதே வழக்கம். நடுநிலை வகுப்பில் அவை தனிப் பாடங்களாக இல்லை. வேளாண்மைப் பட்டமோ மேலாண்மைப் பட்டமோ பெற்றவர் வேறு நல்ல பணிகளுக்குச் செல்லலாம். அப்பட்டங்களை நம்பி இவ்வாசிரியப் பணியை எதிர்பார்த்தல் ஏமாற்றத்திலேயே முடியும்.

பட்டத்தின் பெயரையும் உற்று நோக்க வேண்டும். "பயன்பாட்டு இயற்பியல்" என்றோ "கணினிப் பயன்பாட்டுடன் கூடிய கணிதம்" என்றோ பெயரில் ஒரு சொல் கூடியிருந்தாலும், அப்பட்டம் இயற்பியலுக்கோ கணிதத்துக்கோ இணையானது என்பதற்கு அரசாணை இருக்கிறதா என்ற வினா பணி நியமனத்தின்போது எழும். இவ்வினாவைக் கல்லூரியில் சேர்வதற்கு முன்னரே எழுப்பி விடை பெறுதல் அறிவுடைமை. மேலும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற வரிசை மாறாமல் படித்திருத்தல் வேண்டும்.

மதிப்பெண்ணும் கருதத்தக்கது. பி.எட். வகுப்பில் சேரப் பட்டப் படிப்பில் பொதுவாக 50 விழுக்காடு மதிப்பெண் தேவை. பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் முதலியோருக்கு அரசு விதிகளின்படி தளர்வு உண்டு.

பி.எட். வகுப்பில் கற்பவை

முன்னர் ஓராண்டுப் படிப்பாக இருந்த பி.எட்., 2014-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இரண்டாண்டுப் படிப்பாயிற்று. ஆண்டொன்றுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள் வகுப்பு நடைபெறல் வேண்டும். வகுப்புகளுக்கு 80 விழுக்காடும், பள்ளியில் பெறும் பயிற்சிக்கு 90 விழுக்காடும் வருகை கட்டாயமாகும். ஆதலால் "கல்லூரிக்குச் செல்லாமலே பட்டம் பெறலாம்" என்று கூறி எவரேனும் பணம் கேட்பாராயின், அவரை நம்புதல் ஆகாது. தொலைநிலைக் கல்வி வழி பி.எட்., தொடக்கக் கல்விப் பயிற்சி போன்ற ஆசிரியர் பயிற்சியை முன்னரே பெற்றவர்களுக்கு உரியதேயன்றி, புதிதாக வருவோர்க்கு உரியதன்று.

இவ்விரண்டு ஆண்டுகளில் கற்கும் பாடங்களை மூவகையாகப் பிரித்துக் கூறலாம். முதல் வகை, குழந்தையையும் சமுதாயத்தையும் பற்றியது. குழந்தையின் உடலும் உள்ளமும் வளரும் முறை, கற்றல் நிகழும் விதம், இந்நாட்டுக் கல்வியின் நிலை, பள்ளியில் ஆண் பெண் வேற்றுமை, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளையும் உடன் சேர்த்துக் கற்பித்தல் ஆகியவை இதில் அடங்கும். இரண்டாம் வகை, தாம் பட்டம் பெற்ற பாடத்தைக் கற்பிக்கும் முறை. பின்னக் கணக்கைத் தாம் செய்து முடிப்பது வேறு. அது புரியாமல் விழிக்கும் பதினொரு வயதுச் சிறுவனுக்கு விளங்கவைப்பது வேறு. பாடத்திட்டம் வகுத்தலும் மாணவர் கற்றதை மதிப்பிடுதலும் இவ்வகையில் பயிற்றுவிக்கப்படுகின்றன. மூன்றாம் வகை, நாடகம், கலை, கணினிவழித் தொடர்பு, நூல்களைப் படித்துச் சிந்தித்தல் போன்ற ஆசிரியரின் திறன்களை வளர்ப்பது.

இவையெல்லாவற்றினும் மேலானது பள்ளியில் நேரடியாகப் பெறும் பயிற்சி. முதலாண்டில் 4 வாரங்களும் இரண்டாமாண்டில் 16 வாரங்களுமாக மொத்தம் 20 வாரங்கள் மாணவ ஆசிரியர் பள்ளிகளில் பணியாற்ற வேண்டும். நடுநிலை வகுப்புகளிலும் உயர்நிலை வகுப்புகளிலும் பாடம் நடத்திப் பழகுதல் இப்பயிற்சியின் நோக்கம்.

கல்லூரி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரமும், 2008-ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் போன்றதொரு பல்கலைக்கழகத்தின் இணைப்பும் பெற்றதா என்பதைச் சேர்க்கைக்கு முன் சரிபார்க்க வேண்டும்.

பட்டத்திற்குப் பின் உள்ள தேர்வுகள்

பட்டங்கள் இரண்டும் கைக்கு வந்த பின்னரும் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேற வேண்டும். இத்தாள் 150 மதிப்பெண் கொண்டது. குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் என்ற பகுதிக்கு 30, முதல் மொழிக்கு 30, ஆங்கிலத்திற்கு 30, எஞ்சிய 60 கணிதமும் அறிவியலும் அல்லது சமூக அறிவியல். பொதுப் பிரிவினர் 60 விழுக்காடு, அதாவது 90 மதிப்பெண் பெற வேண்டும்; ஏனையோர்க்குரிய தளர்வை அவ்வப்போது வெளிவரும் அறிவிக்கையில் காணலாம். ஒருமுறை தேறினால் அச்சான்றிதழ் ஆயுட்காலம் முழுவதும் செல்லும் என 2021-இல் அறிவிக்கப்பெற்றது.

தகுதித் தேர்வில் தேறியவுடன் பணி கிடைத்துவிடும் என்று எண்ணுதல் கூடாது. அரசுப் பணி நியமனத்திற்குத் தனியே ஒரு போட்டித் தேர்வு நடத்துவதென 2018-இல் அரசு ஆணையிட்டது. எத்தனை இடங்கள் காலியாக உள்ளனவோ அத்தனை பேருக்கே பணி கிட்டும். நிலத்தை அடகு வைத்துப் படிக்கவைக்கும் குடும்பம் இவ்வுண்மையையும் கணக்கிற்கொள்ள வேண்டும்.

ஊராட்சியின் கடமை

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, நடுநிலை வகுப்புகளில் அறிவியலுக்கும் கணிதத்திற்கும் ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர் என ஆசிரியர் இருத்தல் வேண்டும் என்கிறது. 35 மாணவருக்கு ஓர் ஆசிரியரேனும் வேண்டும் என்றும், காலிப் பணியிடங்கள் பத்து விழுக்காட்டை மிஞ்சலாகாது என்றும் சட்டம் வரையறுத்துள்ளது. தம் ஊர்ப் பள்ளியில் இம்மூவகை ஆசிரியரும் உளரா என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் கேட்டறியலாம். குறை இருப்பின் தீர்மானம் நிறைவேற்றிக் கல்வி அலுவலருக்கு அனுப்பலாம்.

பயிற்சிக்கு வரும் மாணவ ஆசிரியர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, பாதுகாப்பான தங்குமிடமும் பேருந்து வசதியும் கிடைக்க ஊராட்சி துணைபுரியலாம். ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தவுடன், ஊரிலுள்ள ஆசிரியர் ஒருவரைக் கொண்டு கல்லூரிப் பாடத் தேர்வைப் பற்றி மாணவர்க்கும் பெற்றோர்க்கும் ஒருநாள் விளக்கம் அளிக்கலாம். இதற்குச் செலவு சிறிது, பயனோ பெரிது.

கணித ஆசிரியர் இல்லாத பள்ளியில் பயிலும் சிறுமி, மேல்நிலை வகுப்பில் கணிதத்தைத் தேர்ந்தெடுக்க அஞ்சுவாள். அவள் அஞ்சினால், நாளை அவ்வூரிலிருந்து ஒரு கணித ஆசிரியை தோன்றுவதும் அரிதாகும். இச்சுழலை அறுக்கும் ஆற்றல் ஊர் மக்களிடமே உள்ளது. தக்க பாடத்தைத் தக்க காலத்தில் தேர்ந்தெடுக்க நம் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவோமாக.