செருகினா உட்காருதுன்னு நம்பலாமா? மதர்போர்டுக்கு பவர் கேபிள் மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

கம்ப்யூட்டரை வீட்டிலேயே அசெம்பிள் செய்கிறீர்கள். பிராசஸர் உட்கார்ந்தாச்சு, ரேம் மாட்டியாச்சு. கடைசியாக எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் கேபிள் கொத்தைக் கையில் எடுக்கும்போதுதான் பலருக்கும் தயக்கம் வரும். ‘எதை எதில் செருகுறது? தப்பா மாட்டினா போர்டு புகைஞ்சுடுமோ?’

இந்தப் பயத்தில் பாதி தேவையே இல்லாதது. மீதிப் பாதி நிச்சயம் இருக்க வேண்டியது. எந்தக் கேபிளுக்கு எது என்று பார்த்துவிடுவோம்.

கறுப்பும் கறுப்பும் நடுவில்

1990-களின் நடுப்பகுதி வரை இருந்த பழைய ஏ.டி. வகை கம்ப்யூட்டர்களில் மதர்போர்டுக்கு பவர் கொடுக்க ‘பி8’, ‘பி9’ என்று இரண்டு கனெக்டர்கள் இருந்தன. இரண்டும் ஒரே அளவு, பக்கத்துப் பக்கத்தில் செருக வேண்டும். இடம் மாற்றிச் செருகினாலும் சமர்த்தாக உட்கார்ந்துவிடும். சுவிட்சைப் போட்டால் போர்டு காலி! அதனால் அந்தக் காலத்து சர்வீஸ்காரர்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்த விதி ஒன்றுதான்: இரண்டு கனெக்டரின் கறுப்புக் கம்பிகளும் நடுவில் ஒன்றாகச் சேர வேண்டும்.

1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். முறை இந்தத் தலைவலிக்கு முடிவு கட்டியது. இரண்டுக்குப் பதில் ஒரே கனெக்டர். அதன் துளைகளை உற்றுப் பாருங்கள். சில சதுரமாக இருக்கும், சில மூலை மழுங்கி இருக்கும். தலைகீழாகத் திருப்பினால் உள்ளே போகாது. அன்று 20 பின் ஆக இருந்தது, பிற்பாடு 24 பின் ஆனது. மதர்போர்டின் ஓரத்தில் நீளமாக இருக்கும் இரட்டை வரிசை சாக்கெட் இதற்குத்தான்.

சில கேபிள்களில் இது 20-ம் 4-ம் ஆகப் பிரிந்திருக்கும். இரண்டையும் முதலில் கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பிறகு ஒன்றாக அழுத்துங்கள். கொஞ்சம் பலமாகத்தான் அழுத்த வேண்டியிருக்கும், போர்டு லேசாக வளைவதைப் பார்த்தால் பகீர் என்றிருக்கும். இன்னொரு கையால் போர்டின் ஓரத்தைத் தாங்கிக்கொண்டால் போதும். பக்கவாட்டுக் கொக்கி ‘கிளிக்’ என்று மாட்டினால்தான் வேலை முடிந்தது.

ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரலை

முதல்முறை அசெம்பிள் செய்பவர்கள் அதிகம் மறப்பது 24 பின்னை அல்ல, பிராசஸருக்கான 8 பின் கேபிளை. பெரிய கேபிளை மாட்டிவிட்டோமே, எல்லாவற்றுக்கும் கரண்ட் போய்விடும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால், பிராசஸருக்குத் தனி வழி. பென்டியம் 4 காலத்தில் பிராசஸரின் பசி கூடியதால் 12 வோல்ட்டுக்கென்றே தனி 4 பின் கேபிள் வந்தது. அதுதான் வளர்ந்து இன்று 8 பின் ஆகி, போர்டின் மேல் மூலையில் நிற்கிறது. அதை விட்டுவிட்டால் லைட் எரியும், ஃபேன் சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். ‘போர்டு டெட்’ என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன் அந்த மூலையை ஒருமுறை பாருங்கள்.

பிராசஸர் கூலரையும் போர்டையும் கேபினெட்டுக்குள் வைத்து முறுக்கிவிட்டால் அந்த மூலையில் விரல் நுழையாது. ஆகவே இந்தக் கேபிளை முதலிலேயே பின்பக்கமாக இழுத்து வைத்துக்கொள்வது நல்லது. சில போர்டுகளில் 8 பின்னுக்குப் பக்கத்தில் இன்னொரு 4 அல்லது 8 பின் இருக்கும். அது பெரும்பாலும் ஓவர்கிளாக் செய்பவர்களுக்கானது. சாதாரணப் பயன்பாட்டுக்குக் காலியாக விட்டாலும் குற்றமில்லை.

இங்கேதான் ஒரு குழப்பம். கிராஃபிக்ஸ் கார்டுக்கும் 8 பின் கேபிள் உண்டு. பார்க்க இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஆனால், ஒன்றில் 12 வோல்ட் வரும் பக்கத்தில் மற்றொன்றில் கிரவுண்டு இருக்கும். துளை வடிவம் வேறு என்பதால் எளிதில் நுழையாது. ‘டைட்டா இருக்கு போல’ என்று பலம் காட்டுபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அடையாளம் சுலபம்: பிராசஸர் கேபிள் 4+4 ஆகப் பிரியும், கிராஃபிக்ஸ் கேபிள் 6+2 ஆகப் பிரியும். கனெக்டர் மேலேயே பெயரும் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். மஞ்சள், கறுப்பு என்று நிறம் பார்த்துக் கண்டுபிடிக்கும் வசதி இப்போது பல கேபிள்களில் கிடையாது, எல்லாமே கறுப்பு.

கிராஃபிக்ஸ் கார்டு என்றதும் 2022-ல் வந்த 16 பின் கனெக்டரையும் சொல்லிவிட வேண்டும். ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுகளில் இது உருகிய படங்கள் அந்த ஆண்டு உலகம் முழுக்கச் சுற்றின. கனெக்டர் முழுமையாக உள்ளே போகாததே பொதுவாகக் காணப்பட்ட காரணம் என்றது என்விடியா. 600 வாட் என்றால் 12 வோல்ட்டில் 50 ஆம்பியர், அது முழுதும் அந்தச் சின்ன பின்கள் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூடத் தெரியக் கூடாது. முழுதாக உட்காராவிட்டால் கரண்ட் எடுக்காதபடி உணர் பின்களைக் குட்டையாக்கிய திருத்தப்பட்ட வடிவம் பிறகு வந்தது.

சுவிட்ச் ஆஃப், ஆனா கரண்ட் இருக்கு

கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்துவிட்டால் உள்ளே மின்சாரம் இல்லை என்று அர்த்தமில்லை. 24 பின்னில் ஒரு கம்பி, எஸ்.எம்.பி.எஸ். சுவரோடு இணைந்திருக்கும்வரை 5 வோல்ட்டை விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். பவர் பட்டனை அழுத்தியதும் போர்டு விழித்துக்கொள்வது அதனால்தான். கேபிளைத் தொடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள், பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்சத்தையும் வடிய விடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே சார்ஜ் தங்கியிருக்கும்.

நான் தொலைத்த ஹார்டு டிஸ்க்

இதுவரை சொன்னதெல்லாம் மதர்போர்டு பக்கத்து முனை. அங்கே தப்பு நடக்காமல் தடுக்க வடிவமைத்தவர்களே வழி செய்திருக்கிறார்கள். மறுமுனைதான் ஆபத்து.

கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் எஸ்.எம்.பி.எஸ்.களில், பெட்டியில் செருகும் முனை எப்படி இருக்க வேண்டும் என்று பொதுவான விதி கிடையாது. எந்தத் துளையில் எந்த வோல்டேஜ் என்பது அந்தந்தக் கம்பெனியின் இஷ்டம். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்கூட மாறலாம். கொடுமை என்னவென்றால், கனெக்டர் வடிவம் ஒன்றாக இருப்பதால் அழகாகப் பொருந்திவிடும்.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. பழைய எஸ்.எம்.பி.எஸ். போய், வேறு கம்பெனிப் பெட்டி வாங்கினேன். கேபினெட்டின் பின்பக்கம் கேபிள்களை டை போட்டு அழகாகக் கட்டி வைத்திருந்தேன். அதை எதற்குப் பிரிக்க வேண்டும் என்று சோம்பல். 24 பின், 8 பின் இரண்டையும் மாற்றிவிட்டு, ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா கேபிளை மட்டும் பழையதையே புதுப் பெட்டியில் செருகினேன். கிளிக் என்றது. சுவிட்சைப் போட்டேன். சத்தமில்லை, புகை இல்லை. லேசாக ஒரு கருகல் வாடை, அவ்வளவுதான். 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 வோல்ட் போயிருந்தது. மதர்போர்டு தப்பித்தது. என் மகளின் முதல் மூன்று வருடப் படங்கள் இருந்த டிஸ்க் தப்பிக்கவில்லை. தகட்டில் டேட்டா இருக்கலாம், மேலிருக்கும் சர்க்யூட்தான் போயிருக்கும் என்றார் ரெக்கவரி கடைக்காரர். அவர் சொன்ன தொகை புது எஸ்.எம்.பி.எஸ். விலையைப் போலப் பல மடங்கு. இன்னும் கொடுக்கவில்லை. டிஸ்க்கைத் தூக்கிப் போடவும் இல்லை.

எஸ்.எம்.பி.எஸ். மாற்றினால் எல்லாக் கேபிளையும் சேர்த்தே மாற்றுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் அதனுடனே வந்த கேபிள்கள்தானா என்று கேளுங்கள். ‘எந்தக் கேபிளும் சேரும் சார்’ என்று பதில் வந்தால் வாங்காதீர்கள். கூடுதலாக ஒரு கேபிள் தேவைப்பட்டால், உங்கள் மாடலுக்கு எது பொருந்தும் என்று தயாரிப்பாளரின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். மீந்துபோன கேபிள்களை ஒரு கவரில் போட்டு, மேலே எஸ்.எம்.பி.எஸ். மாடல் பெயரை மார்க்கரில் எழுதி வையுங்கள். என் டிராயரில் இப்போது அப்படி மூன்று கவர்கள் இருக்கின்றன.