இதயத்துக்குச் சிகிச்சை, பல்லில் தொடக்கம்!

ஒருவருக்கு இதய வால்வை மாற்ற வேண்டும் என்று டாக்டர்கள் முடிவு செய்துவிட்டார்கள். மறுநாளே அவரை ஆபரேஷன் மேஜையில் படுக்க வைத்துவிடுவார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. அவசர நிலைமை இல்லாவிட்டால், அவரைப் பல் டாக்டரிடம் அனுப்பிவைப்பார்கள். "கோளாறு நெஞ்சுக்குள்ளே, வாயை ஏன் திறக்கச் சொல்கிறார்கள்?" என்று நோயாளியே திகைப்பார். இதயத்துக்கும் பல்லுக்கும் என்ன உறவு? வாருங்கள், பார்க்கலாம்.

நான்கு கதவுகள்

இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் மட்டுமே வழிவிடும் கதவு. சைக்கிள் டியூபின் வால்வு காற்றை உள்ளே விடும். வெளியே விடாது அல்லவா? அதைப் போலவே இதய வால்வும் இரத்தத்தை முன்னே போக விடும். திரும்பி வர விடாது. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் 'லப்-டப்' ஓசை, இந்தக் கதவுகள் மூடும்போது எழுவதுதான்.

இதயம் நிமிடத்துக்கு 70 முறை துடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 1,00,800 துடிப்புகள். ஓர் ஆண்டில்? நீங்களே பெருக்கிப் பாருங்கள். மூன்றரைக் கோடியையும் தாண்டிவிடும்! அத்தனை முறையும் கதவுகள் ஒழுங்காகத் திறந்து மூட வேண்டும்.

கதவு சரியாகத் திறக்காவிட்டால் அது 'சுருக்கம்'. சரியாக மூடாவிட்டால் 'கசிவு'. இரண்டிலும் இதயத்துக்கு வேலைப் பளு கூடுகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது. சில வால்வுகளைப் பழுது பார்க்கலாம். சிலவற்றைப் பலூன் கொண்டு விரிக்கலாம். இரண்டுக்கும் வழியில்லாதபோதுதான் மாற்றுவார்கள். இதை முடிவு செய்ய உதவுவது 'எக்கோ' என்னும் சோதனை. வௌவால் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு வழி அறிகிறதே, அதே தத்துவத்தில் இதயத்தின் அசைவைத் திரையில் காட்டும் கருவி இது.

எந்த வால்வு?

முன்னேற்பாடுகளில் முக்கியமானது, எந்த வால்வைப் பொருத்துவது என்று முடிவு செய்வது. 1960ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், ஆல்பர்ட் ஸ்டார் என்ற சர்ஜனும் லோவல் எட்வர்ட்ஸ் என்ற எஞ்சினியரும் சேர்ந்து, கூண்டுக்குள் பந்து ஏறி இறங்கும் வால்வைச் செய்து நோயாளிகளுக்குப் பொருத்தினார்கள். நம் நாட்டிலோ, திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தானின் குழு பல ஆண்டுகள் பாடுபட்டது. தொடக்க மாதிரிகள் சோதனையில் தோற்றன. குழுவினர் சோர்ந்துவிடவில்லை. உலோகச் சட்டத்துக்குள் பிளாஸ்டிக் வட்டத்தகடு சாய்ந்து திறக்கும் 'சித்ரா வால்வு', 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

இத்தகைய செயற்கை வால்வு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் அதன்மீது இரத்தம் உறைந்து கட்டியாகலாம். அதைத் தடுக்க வாழ்நாள் முழுவதும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட வேண்டும். இந்த மருந்தின் கதை விசித்திரமானது. 1920களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் இறந்தன. அதன் காரணத்தைத் தேடிய ஆராய்ச்சியில் பிறந்ததே வார்ஃபரின். முதலில் அது எலி மருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது! அளவு கூடினால் இரத்தப் போக்கு, குறைந்தால் உறைகட்டி. ஆகவே, அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்து அளவைச் சரிபார்க்க வேண்டும். கீரையிலுள்ள வைட்டமின் கே இந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். கீரையை விலக்க வேண்டியதில்லை. ஒரு நாள் நிறைய, மறுநாள் ஒன்றுமில்லை என்று சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான்.

மற்றொரு வகை, பன்றியின் வால்வையோ மாட்டின் இதய உறையையோ பதப்படுத்திச் செய்வது. இதற்கு வார்ஃபரின் பெரும்பாலும் சில மாதங்களே போதும். ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தேய்ந்துவிடலாம். இளம் வயதினருக்கு இன்னும் விரைவிலேயே தேயும். பிறகு மறுபடி ஆபரேஷன்! மேலும், வார்ஃபரின் வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடும் என்பதால், தாயாக விரும்பும் பெண்கள் இன்னும் கூடுதலாக யோசிக்க வேண்டும். எனவே, நோயாளியின் வயது, வாழ்க்கை, ஊரில் பரிசோதனை வசதி எல்லாவற்றையும் பேசித்தான் முடிவெடுக்கிறார்கள்.

பல்லுக்கு ஏன் இத்தனை மரியாதை?

நம் வாயில் எண்ணற்ற பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. சொத்தைப் பல்லோ, சீழ் கட்டிய ஈறோ இருந்தால், அவை அந்த வழியே இரத்தத்தில் நுழைந்துவிடும். நல்ல வால்வில் அவற்றுக்குப் பெரும்பாலும் ஒட்ட இடம் கிடைப்பதில்லை. புதிதாகத் தைத்த வால்வோ அவற்றுக்கு வசதியான தங்குமிடம். அங்கே கூடு கட்டிவிட்டால் உயிருக்கே ஆபத்து. மருந்தும் எளிதில் எட்டாது. அதனால்தான் புதுக் கதவு பொருத்தும் முன்பே பல்லைச் சீர்செய்துவிடுகிறார்கள். பல் பிடுங்க வேண்டுமானாலும், வார்ஃபரின் தொடங்குவதற்கு முன் செய்வதே நல்லது. இல்லையேல் இரத்தம் எளிதில் நிற்காது.

மூச்சுக்கும் ஒரு பயிற்சி

ஆபரேஷனுக்குப் பின் நெஞ்சு வலிக்கும் என்று பயந்து, நோயாளி மேலோட்டமாக மூச்சு விடுவார். அப்போது நுரையீரலில் சளி தேங்கி நிமோனியா வரலாம். எனவே முன்கூட்டியே ஆழ்ந்து மூச்சு இழுக்கப் பழக்குகிறார்கள். மூன்று பந்துகள் கொண்ட ஒரு சிறு கருவி உண்டு. குழாய் வழியே மூச்சை இழுத்தால் பந்துகள் மேலே எழும். தலையணையை மார்போடு அணைத்து இருமவும் கற்றுத் தருவார்கள். புகைப்பவர் அதை அறவே விட்டுவிட வேண்டும்.

இரத்த வகை பார்த்து இரத்தம் தயார் செய்வார்கள். சர்க்கரை நோய் இருந்தால் கட்டுக்குள் கொண்டுவருவார்கள். எந்த மருந்தை எப்போது நிறுத்துவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். நோயாளியாக நிறுத்தவே கூடாது.

முந்தைய நாள் கிருமிநாசினி கலந்த குளியல். நகப்பூச்சை அழித்துவிடுவார்கள், இரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் கருவி விரல் நுனியில்தான் மாட்டப்படும். ஆபரேஷனுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துவார்கள். மயக்கத்தில் வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாதே!

இன்னொன்றும் சொல்லிவைப்பார்கள். கண் விழிக்கும்போது தொண்டையில் குழாய் இருக்கும், பேச முடியாது. வலி என்றால் எப்படிச் சைகை காட்டுவது, தாகம் என்றால் எப்படி என்பதை முன்பே பேசி வைத்துக்கொண்டால், அந்த நேரத்தில் பயம் பாதியாகக் குறையும்.

உங்கள் கையில் இருப்பது

வால்வு கெடுவதற்கு முதுமையும் பிறவிக் குறையும் காரணமாகலாம். ஆனால் நம் நாட்டில் இளம் வயதில் வால்வு கெடுவதற்கு முக்கியக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல். அது பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள், அதாவது உங்கள் வயதில்தான் வருகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைப் புண் வரும், தானே ஆறியும்விடும். ஆனால் அக்கிருமியை எதிர்த்த உடலின் படைகள், ஆள் மாறாட்டத்தில் இதய வால்வையே தாக்கிவிடுகின்றன! சில வாரங்களில் காய்ச்சல் வரும். முழங்கால், கணுக்கால் என்று வலி மூட்டுக்கு மூட்டு தாவும். வால்வு கெட்டது தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம்.

ஆகவே, காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் வீட்டில் மறைக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். பென்சிலின் போன்ற எளிய மருந்தே இந்தத் தொல்லையைத் தடுத்துவிடும். ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர்களுக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடுவார்கள். உங்கள் வகுப்பில் அப்படி ஒரு நண்பர் இருந்தால், ஊசி நாளை நினைவூட்டுங்கள். துணைக்கு ஒருவர் கூடப் போய் வாருங்கள். பின்னாளில் அவருக்கு வால்வே மாற்ற வேண்டாம் என்றாக்கக்கூடிய உதவி அது.