கைவினைப் பீங்கான் சவரக் கிண்ணம்

சவரக் கிண்ணம் என்பது சவரச் சோப்பையோ கிரீமையோ தூரிகையால் குழைத்து நுரையாக்கப் பயன்படும் வாயகன்ற சிறு பாத்திரம் ஆகும். தமிழக முடிதிருத்தகங்களில் இது பெரும்பாலும் அலுமினியம், எவர்சில்வர் அல்லது பிளாஸ்டிக்கால் ஆனது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க முடிதிருத்தகங்கள் பீங்கான் குவளைகளைப் பயன்படுத்தின. வாடிக்கையாளரின் பெயர் எழுதிய குவளைகள் அங்கே அலமாரியில் வரிசையாக இருக்கும். கையால் வனைந்த பீங்கான் கிண்ணம் இன்று வீட்டுப் பயன்பாட்டுக்கே பொருந்துகிறது. பலருக்கும் ஒரே கிண்ணம், ஒரே தூரிகை என்பது எந்த மண்ணால் செய்தாலும் நல்ல வழக்கமன்று.

மண்

கடலூர் மாவட்டத்தில் இருவகைக் களிமண் அருகருகே கிடைக்கிறது. பண்ருட்டி, நெய்வேலி வட்டாரத்தில், கடலூர் மணற்கல் எனப்படும் படிவத்தை ஒட்டி வெண்களிமண் உண்டு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள மண்ணை அகற்றும்போதும் இது வெளிப்படுகிறது. விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு வழங்கும் அரசு நிறுவனமும் அங்கு உள்ளது. மாறாக, சிதம்பரத்தைச் சூழ்ந்த கொள்ளிடம், வெள்ளாற்றுச் சமவெளியில் கிடைப்பது வண்டல் களிமண். இரும்புச் சத்து மிகுந்திருப்பதால் இது சிவப்பாகச் சுடுகிறது.

கிண்ணத்தின் தரத்தைத் தீர்மானிப்பதில் வடிவத்தைவிட இந்த வேறுபாடே முக்கியம். சிவப்பு மண்ணை ஏறத்தாழ 900 முதல் 1000 பாகை செல்சியசில் சுடுவர். வெப்பம் மிகுந்தால் அது கோணிப்போகும். அந்த வெப்பத்தில் மண் நுண்துளைகளுடனேயே இருக்கும். தண்ணீர்ப் பானைக்கு அதுவே சிறப்பு. சவரக் கிண்ணத்துக்கோ அது குறை: சோப்பு நீர் உள்ளிறங்கி, காய்ந்து, மறுநாள் நாற்றம் தரும். ஏறக்குறைய 1200 முதல் 1300 பாகையில் சுடப்படும் ஸ்டோன்வேர், பீங்கான் வகைகள் இறுகி நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். மெருகிடாத சுட்ட துண்டு ஒன்றை எடைபோட்டு, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, ஈரம் துடைத்து மீண்டும் எடைபோட்டால் இது தெரிந்துவிடும். 300 கிராம் துண்டு 3 கிராம் கூடினால் உறிஞ்சல் 1 விழுக்காடு. அது நல்ல அளவு.

குறைந்த வெப்பத்தில் உருகும் மெருகுப்பூச்சுகளில் ஈயம் கலப்பது பழைய வழக்கம். சவரக் கிண்ணம் உணவுப் பாத்திரம் அல்லவே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஒருநாள் அது ஊறுகாய்க் கிண்ணமாக மாறாது என்பதற்கு உறுதி கிடையாது. புளிப்பு ஈயத்தைக் கரைத்து வெளியேற்றும். மேலும், ஈயத் தூளால் முதலில் பாதிக்கப்படுபவர் வனைபவரே. போராக்ஸ் சார்ந்த மெருகு இதற்கு மாற்றாகும். மெருகு மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால் மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். அலங்காரச் சாடிக்கு அது அழகு; இங்கோ அவ்வெடிப்புகளில் சோப்பு தங்கிக் கறுக்கும்.

வடிவம்

தூரிகையின் மயிர்க்கட்டு பெரும்பாலும் 20 முதல் 26 மி.மீ. விட்டமுடையது. அது தடையின்றிச் சுழல உள்விட்டம் 11 அல்லது 12 செ.மீ., ஆழம் 5 அல்லது 6 செ.மீ. போதுமானது. அடிப்பகுதி குழிவாக இருந்தால் சோப்பு நடுவில் சேரும். விளிம்பு சற்று உள்நோக்கி வளைந்தால் நுரை சிந்தாது. மண் காய்ந்து சுடும்போது 12 விழுக்காடு சுருங்குமானால், முடிவில் 12 செ.மீ. வேண்டிய கிண்ணத்தை ஏறக்குறைய 13.6 செ.மீ. அகலத்தில் வனைய வேண்டும்.

உட்புற வரிகள் காற்றை நுரையில் கலக்க உதவுகின்றன. மண்குழம்பை அச்சில் ஊற்றி மிகுதியை வடிக்கும் முறையில் அச்சு வெளிப்புறத்தை மட்டுமே உருவாக்குவதால் உட்புறம் வழவழப்பாகிவிடும். சுழலும் அச்சில் தகடு வைத்து உட்புறத்தைச் சீவினால் வட்ட வரிகள் கிடைக்கும். சக்கரத்தில் வனைபவருக்கோ விரல் நகர்வதிலேயே சுருள்வரி வந்துவிடுகிறது; ஆலைக் கிண்ணத்தோடு போட்டியிடக் கைவினைக்குரிய இயல்பான இடம் இதுதான். மெருகு பள்ளங்களில் தேங்கி வரியை மழுக்கும் என்பதால் முதலில் 2 மி.மீ. ஆழம் வைக்கலாம். முனை கூராக இருந்தால் தூரிகை மயிர் தேயும்.

சோப்புக் கையில் வழுக்காதிருக்க வெளிப்புறத்தில் ஒரு பட்டையை மெருகிடாமல் விடுவது எளிய வழி. ஒட்டிய கைப்பிடியும் உதவும். ஆனால் காயும்போது ஒட்டு விரிசல் விடக்கூடும்.

வெந்நீர் நிரப்பும் இரட்டைச் சுவர்க் கிண்ணம் குளிர்நாடுகளுக்குரியது. கடலூர், சிதம்பரம் போன்ற கடலோர ஊர்களின் வெப்பத்தில் அதற்கு வேலையில்லை. மார்கழி விடியலில் வேண்டுமானால் கிண்ணத்தில் இரண்டு நிமிடம் வெந்நீர் ஊற்றிவைத்துக் கொட்டிவிடலாம். இங்கு நுரை குறைவதற்குக் கிணற்று நீரின் கடினத்தன்மையே காரணமாவது உண்டு. நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்பைத் திரிதிரியாக்கிவிடும். அதைக் கிண்ணத்தின் வரிகளால் சரிசெய்ய முடியாது.

விலையிலும் அகலத்துக்குப் பங்குண்டு. சூளையில் ஓர் அடுக்குத் தட்டு பிடிக்கும் பரப்பே சுடுசெலவைத் தீர்மானிக்கிறது. 12 செ.மீ. கிண்ணம் ஒன்று அடைக்கும் சதுரத்தில் 6 செ.மீ. தேநீர்க் கோப்பைகள் நான்கு அடங்கும்.