கடிதவழிக் கேண்மையும் வில்லைப் புராணமும்

நேரிற் காணாத இருவரிடையே நூல்களே காரணமாக நட்பு வளர்தலைப் பொருளாகக் கொண்டது '84, சேரிங் கிராஸ் ரோடு' என்னும் ஆங்கிலத் திரைப்படம் (1987). நியூயார்க்கில் வாழ்ந்த எழுத்தாளர் ஹெலீன் ஹான்ஃப், இலண்டனிலிருந்த பழம்புத்தகக் கடையொன்றிற்கு 1949இல் நூல்கள் வேண்டி எழுதினார். கடையைச் சார்ந்த ஃபிராங்க் டோயல் விடை விடுத்தார். 1968இல் டோயல் மறையுந்துணையும் நீண்ட அத்தொடர்பில் இருவரும் ஒருமுறையேனும் சந்தித்திலர். பிசிராந்தையார் வரலாறு பயின்ற நமக்கு இது பெருவியப்பன்று. எனினும் ஆந்தையார் இறுதியிலேனும் வந்து சேர்ந்தார்.

தமிழ்ப் பதிப்பு வரலாற்றிலும் இதனை ஒத்ததொரு கேண்மை உண்டு. உ. வே. சாமிநாதையர் 1887இல் வெளியிட்ட சீவக சிந்தாமணியைக் கண்டு மகிழ்ந்து, பாரிசில் தமிழ் கற்பித்துவந்த ஜூலியன் வின்சோன் (1843–1926) அவருக்குக் கடிதம் எழுதினார். அதனையும் தமிழிலேயே எழுதினார். வின்சோன் இளமையிற் காரைக்காலில் வளர்ந்தவர். ஐயரோ ஐரோப்பா சென்றவரல்லர். இருவரையும் பிணித்தவை நூல்களே.

பாரிசு தேசிய நூலகத்துத் தமிழ்ச் சுவடிகளுள் ஒரு பகுதி, ஏரியல் என்பார் புதுவையில் தொகுத்தவை. அந்நூலகத்தில் வில்லைப் புராணச் சுவடி இருத்தலை வின்சோன் வாயிலாக அறிந்த ஐயர், படியொன்று வேண்டிப் பெற்றார். வில்லை என்பது கடலூருக்கு வடக்கே, புதுச்சேரியை அடுத்துள்ள வில்லியனூர். புராணம் பாடியவர் வீரராகவ கவிராயர். நம் பக்கத்தூரின் புராணம் கடல் கடந்து சென்று, கடிதத்தின் துணையால் மீண்டது.

திரைப்படத்தில் அச்சான நூல்கள் கைம்மாறுகின்றன. ஈண்டு அச்சேறாத நூலொன்று உயிர்பெறுகின்றது. ஆதலின் இத்தகைய கடிதங்களை நட்பின் அடையாளமாக மட்டும் கொள்ளுதல் சாலாது. சுவடி வந்த வழியை உணர்த்தும் பதிப்புச் சான்றாகவும் கொள்ளல் வேண்டும். எப்படி யாரிடமிருந்து எப்பொழுது வந்தது என்னும் வினாக்கட்கு நூன்முகம் பெரும்பாலும் சுருங்கவே விடை கூறும். கடிதமோ நாளும் இடமும் தாங்கி நிற்கும். நூன்முகத்தை ஊன்றிப் படிக்கும் நம் ஆய்வு மாணாக்கர், சென்னையில் உள்ள டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையத்துக் கடிதங்களையும் அவ்வாறே பயிலுதல் நன்று.

வின்சோன் 1926இல் மறைந்தார். அப்பொழுது ஐயர் சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்தார். 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரிகளுள் அதுவும் ஒன்று. வில்லைப் புராணம் அச்சேறியது 1940இல். படி கிடைக்க வழிசெய்தவர் அதனை அச்சிற் கண்டிலர்.